படகுக்கு அடியில் ஏழு பேர்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. பெற்ற தாய்மேல் ஆணை, தின்கிற சோற்றின்மேல் ஆணை. வேண்டுமானால் அந்தப் படகைத் தொட்டே சத்தியம் செய்யலாம். ஆனால் முதலாளி முத்துசாமி படகைத் தொட விடமாட்டார். கைரேகை பட்டால் பாலிஷ் போய்விடுமாம்.

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடைகளுக்குப் பின்னால் ஓடும் சந்தில், பகல் சாப்பாட்டு நேரத்தில், இருதயராஜ் ஒரு பெயிண்ட் டின்மேல் ஏறி நின்று லாரியை டேப்பால் அளந்துகொண்டிருந்தான். சந்தின் ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல். லாரி நிழலில் நின்றது. அதனால் பட்டறையின் ஆறு பேர் லாரியின் பின்தட்டில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் போட்டு, ஒருவன் காலுக்குப் பக்கத்தில் இன்னொருவன் தலையாக, கருவாடு அடுக்கியதுபோலத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் அஹமது கபீர் கேபினில் படுத்து ஜன்னல் வழியாகக் காலை வெளியே விட்டிருந்தார்.

"ஏண்டா இருதயம், சோத்தத் தின்னா செத்த நேரம் கண்ண மூடணும். அதுக்குத்தான் சோறு" என்றார் கபீர், கண்ணைத் திறக்காமல்.

"நீங்க தூங்குங்க பாய். எனக்கு இந்த நேரந்தான் இருக்கு."

அதுவும் உண்மைதான். பட்டறையில் கம்பிக் கதவும் மாடிப்படிக் கைப்பிடியும் செய்கிறார்கள். அது வாடிக்கையாளர் வேலை. முதலாளியின் படகை ஏற்ற லாரிக்கு மேலே ரேக் செய்வது சொந்த வேலை. இரண்டையும் கலக்கக் கூடாது என்பதில் முத்துசாமி கறாரானவர். "கஸ்டமர் டைம்ல கஸ்டமர் வேலை லா. நம்ம வேலைய பிரேக் டைம்ல பாரு" என்று சிங்கப்பூர்ப் பேச்சுக்கே உரிய 'லா'வோடு சொல்லியிருந்தார். நம்ம வேலை என்று அவர் சொன்னபோது இருதயராஜுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

படகு சிறியதுதான். வெள்ளை ஃபைபர், நடுவில் நீலப் பட்டை, பக்கத்தில் முதலாளியின் மகள் ரக்ஷனாவின் பெயர். மீன் பிடிக்கும் ஆசையில் பழைய படகாக வாங்கிப் புதிதுபோலத் தேய்த்து வைத்திருந்தார். பொங்கோல் கரையில் இருக்கும் ஒரு மீன்பிடி கிளப்பில் படகை இறக்கலாம். ஆனால் கிளப்பின் கார் நிறுத்துமிடத்துக்கு நுழையும் இடத்தில் குறுக்கே ஓர் இரும்புக் கட்டை. உயரமான வண்டி உள்ளே வரக்கூடாது. கட்டையின் உயரத்தை முத்துசாமியே போய் அளந்து வந்தார். "இதுக்கு மேல போகக்கூடாது. ஆனா கீழ உக்காந்தா உங்க தலையும் இடிக்கக் கூடாது. தலை இடிச்சா போலீஸ் பிடிப்பான்" என்றார்.

கட்டைக்கும் தலைக்கும் நடுவே கிடைத்த இடத்தில்தான் ரேக் வரவேண்டும். இருதயராஜ் அதைச் செய்தான். சதுரக் குழாயை நான்கு மூலையிலும் கால்களாக நிறுத்தி, மேலே ஏணிபோலக் குறுக்குக் கம்பிகள் வைத்து, ஒவ்வொரு இணைப்பையும் வெல்டு செய்து, கிரைண்டரால் தேய்த்து, விரலை ஓட்டினால் எங்கே ஒட்டினான் என்று தெரியாதபடி வழவழப்பாக்கினான். மழைக்கான கேன்வாஸை, வேண்டும்போது இழுத்துவிடும்படி அதற்குக் கீழேயே சுருட்டிக் கட்டினான். படகைக் கவிழ்த்து வைக்கும் இடங்களில் தடிமனான பஞ்சு சுற்றி, அதன்மேல் ரெக்ஸின் தைத்துப் போட்டான். தூங்குகிறவர்களை எழுப்பாமல் லாரியின் உயரத்தை மூன்று தடவை அளந்தான். கணக்குப்படி, படகை ஏற்றி வைத்தால் அதன் அடிமுதுகுக்கும் கிளப்புக் கட்டைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கும்.

"ரெண்டு விரல் போதுமாடா?" என்றான் லாரியில் படுத்திருந்த ஜெய். பட்டறையிலேயே ஒல்லியானவன் அவன்தான். ஃபேன் போட்டால் அவனைச் சுவரோடு கட்டி வைக்கவேண்டும் என்பார்கள்.

"போதும். நீ படகுமேல ஏறிப் படுக்காம இருந்தா."

இருதயராஜ் அதற்கு நேர்மாறு. ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளிப் பெட்டி தூக்கி வளர்ந்த உடம்பு. அவன் சிங்கப்பூருக்கு வந்தபோது விமானம் அவன் உட்கார்ந்த பக்கமாகச் சாய்ந்தே வந்ததாகக் கபீர் சொல்வார். கபீர் அந்த விமானத்தில் வரவில்லை. ஆனாலும் சாய்ந்த கோணத்தைக் கையால் காட்டுவார்.

இந்த உடம்புக்காரனுக்கு அப்போது ஒரே ஒரு கவலைதான். அவனுடைய வேலை அனுமதி முடியப் போகிறது. வெல்டிங்கில் மேல்நிலைச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு மட்டுமே இனிப் புதுப்பிப்பேன், அப்படியானால்தான் அரசாங்கத்துக்குக் கட்டுகிற லெவி குறையும் என்று முத்துசாமி எல்லோரையும் வைத்துச் சொல்லிவிட்டார். அதற்கான வகுப்பு, மேல் சிராங்கூன் சாலையை ஒட்டிய தொழிற்பேட்டையில் இருந்த ஒரு பயிற்சி மையத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. வகுப்பு முடிந்ததும் பரீட்சை. பாஸானால் இருக்கலாம். இல்லையென்றால் மறுபடி தக்காளி.

முதல் வகுப்புக்கு அவன் போய்வந்தான். அடுத்த ஞாயிறு காலையில் முத்துசாமி சட்டையில்லாமல் அரைக்கால் சட்டையோடு மாடிக்கு வந்தார். பட்டறைக்கு மேலேதான் எல்லோரும் தங்கியிருந்தார்கள்.

"ராஜ், இன்னிக்கு ஒரு நாள் வந்துடு. ரேக் ஆடுதா என்னன்னு நீதான் பாக்கணும். மத்தவங்க தூங்கட்டும் லா, பாவம்."

"எனக்கு மத்தியானம் கிளாஸ் இருக்கு பாஸ்."

"மத்தியானத்துக்குள்ள கொண்டாந்து விடுறேன்."

கபீர் ஓட்ட, முதலாளி பக்கத்தில் உட்கார, இருதயராஜ் பின்தட்டில் நின்று ரேக்கைப் பிடித்துக்கொண்டே போனான். ரேக் ஆடவில்லை. பொங்கோல்வரை ஓர் ஆணிகூட முனகவில்லை. கிளப்பின் வாசலில் கபீர் வேகத்தைக் குறைத்து உள்ளே விட்டார். மேலே 'க்ரீச்' என்று ஒரு சத்தம். மரத்தில் உட்கார்ந்திருந்த மைனாக்கள் எல்லாம் பறந்தன. அவற்றில் இரண்டு திரும்பி வரவே இல்லை.

முத்துசாமி கீழே குதித்தார். படகின் அடிமுதுகில் வெள்ளைப் பூச்சு உரிந்து ஒரு நீளக் கீறல். மகள் சைக்கிளிலிருந்து விழுந்தபோதுகூட அவர் முகம் அப்படி ஆனதில்லை என்று கபீர் பிறகு சொன்னார்.

"எப்படிடா அளந்த?"

இருதயராஜ் டேப்பை எடுத்து மறுபடி அளந்தான். அவன் பட்டறையில் கண்ட அளவைவிட லாரி வளர்ந்திருந்தது. டேப்பைத் திருப்பிப் பார்த்தான். உதறிப் பார்த்தான். கபீரும் அளந்தார். லாரி வளர்ந்துதான் இருந்தது.

தூண்டிலும் வாளியுமாக வந்த சீனக் கிழவர்கள் நான்கைந்து பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். அதில் ஒருவர், "டூ ஹை லா!" என்று எல்லோருக்கும் தெரிந்ததை எல்லோருக்கும் சொன்னார். பிறகு லாரியின் பின்பக்கத்தைக் கையால் அழுத்திப் பார்த்தார். லாரி இறங்கி எழுந்தது. அவர் தம் கூட்டாளிகளைக் கூப்பிட்டு ஏதோ சொல்ல, கிழவர்கள் வாளியும் தூண்டிலுமாகப் பின்தட்டில் ஏறி நெருக்கி நின்றார்கள். வழியில் போன இரண்டு பேரும் வேடிக்கைக்காக ஏறினார்கள். ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கின. லாரி மெல்ல உட்கார்ந்தது. கபீர் முதல் கியரில் விட்டார். படகு கட்டைக்குக் கீழே, இரண்டு விரல் இடைவெளியில், வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

அப்போதுதான் இருதயராஜுக்கு விளங்கியது. அவன் அளந்தபோதெல்லாம் லாரியில் ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காலையில் வேலைக்குப் போகும்போது ஆள், மாலையில் திரும்பும்போது ஆள், நடுவில் தூக்கம். ஆள் இல்லாத லாரியை அவன் பார்த்ததே இல்லை. லாரி என்றாலே அந்த உயரம்தான் என்று நினைத்துவிட்டான்.

முத்துசாமியின் முகம் தெளிந்தது. "ரேக்ல தப்பில்ல ராஜ்! ஆள்தான் கம்மி!" என்று அவன் முதுகில் தட்டினார்.

திரும்பும்போது கிழவர்கள் யாரும் இல்லை. மீன் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெளியே போகவும் அதே கட்டைதான். போகிற வருகிறவர்களைக் கெஞ்சி, குளிர்பானம் வாங்கிக் கொடுத்து, லாரியை மறுபடி உட்காரவைத்து வெளியே எடுப்பதற்குள் இருதயராஜின் வகுப்பு முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை அவன் முதலாளியிடம் போனான். "நாலு காலையும் ரெண்டு விரல் வெட்டிடறேன் பாஸ். இன்னிக்கு பிரேக்லயே முடிச்சிடுவேன்."

"வெட்டினா உங்க தலை இடிக்கும். போலீஸ் பிடிப்பான். உங்க சேஃப்டிதான் முக்கியம் லா."

"அப்ப வாசல்ல டயர் காத்தக் கொஞ்சம் எறக்கிக்கலாம்" என்றார் பக்கத்தில் நின்ற கபீர். "உள்ள போயி அடிச்சிக்கலாம்."

"டயர் என்னத்துக்கு ஆகும்? கெட்டுப்போயிடும் பாய். புது டயர்." முத்துசாமி யோசித்துவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் வந்துடுங்க. சண்டே சும்மாதானே இருக்கீங்க? கடல் காத்து. பிக்னிக் மாதிரி."

முதல் தடவை எல்லோரும் சந்தோஷமாகவே போனார்கள். ஜெய் சென்ட் அடித்துக்கொண்டு வந்தான். கவிழ்த்த படகுக்கு அடியில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, மேல் சிராங்கூன் சாலை நெடுக பஸ்ஸில் போகும் பெண்களுக்கு டாட்டா காட்டினார்கள். லாரி கட்டைக்குக் கீழே நுழைந்தபோது எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். குனியத் தேவையில்லை, ஆனாலும் குனிந்தார்கள். உள்ளே போனதும் படகை இறக்கித் தண்ணீரில் விட்டார்கள். முதலாளி போனார். அப்புறம் அவர் வரும்வரை கரையில் இருக்கவேண்டும். வெளியே போகவும் ஆள் வேண்டுமே.

கடல் காற்று ஒரு மணி நேரத்துக்கு நன்றாக இருக்கும். அதற்குமேல் அதுவும் காற்றுதான்.

"சிங்கப்பூர்ல சும்மா உக்காந்திருந்தா சம்பளம் குடுக்கிற ஒரே கம்பெனி எங்க கம்பெனிதான்னு வீட்டுல சொல்லிட்டேன்" என்றான் ஜெய், செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்தபடி.

"சம்பளம் குடுத்தாங்களா?" என்றான் இருதயராஜ்.

"சும்மா உக்காந்திருக்கேன்ல? பாதி உண்மைதான்."

அடுத்த வாரம் முத்துசாமி படகின் கீறலை மறைத்துப் பூச்சடித்து, இனிமேல் அடி படாதிருக்க அடிமுதுகு நெடுகத் தடித்த ரப்பர் பட்டை ஒன்றையும் ஒட்டினார். ரப்பரால் படகு இன்னும் ஒரு விரல் உயர்ந்தது. முன்பு ஆறு பேர் அமுக்கினால் போதும். இப்போது இருதயராஜும் இல்லாமல் தீராது. "நீ ஒருத்தனே ரெண்டு ஆள் லா. நீ இல்லாட்டி எப்படி?" என்று முதலாளி அன்போடு சொன்னார்.

இருதயராஜ் யோசித்தான். சனிக்கிழமை வேலை முடிந்ததும் காலியான தின்னர் டிரம் இரண்டைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, தான் வழக்கமாக உட்காரும் மூலையில் ஏற்றி வைத்தான். தன் எடைக்குக் கொஞ்சம் கூடவே இருக்கட்டும் என்று மேலே ஒரு பழைய வெல்டிங் மெஷினையும் வைத்தான். ஞாயிறு காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, நோட்டும் பேனாவுமாகக் கிளம்பினான்.

முத்துசாமி லாரியைச் சுற்றி வந்து பார்த்தார். டிரம்மைக் காலால் தள்ளினார். டிரம் கொஞ்சம் நகர்ந்தது.

"இது உருளும் ராஜ். உருண்டு ரேக் கால்ல இடிக்கும். நீ உருள மாட்ட."

டிரம்களை இறக்கினார்கள். இருதயராஜ் இஸ்திரி போட்ட சட்டையோடு ஏறி உட்கார்ந்தான். கபீர் கண்ணாடியில் அவனைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். அன்று கபீர் ஒரு பொய்கூடச் சொல்லாமல் பொங்கோல்வரை ஓட்டியதுதான் இந்தக் கதையிலேயே நம்புவதற்குக் கஷ்டமான விஷயம்.

பரீட்சைக்கு முந்தைய வாரம் வேலை முடிந்ததும் இருதயராஜ் பயிற்சி மையத்துக்குப் போனான். அலுவலகத்தில் சரோஜினி என்ற அம்மா இருந்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க முதல் கிளாசுக்குப் பிறகு வரவே இல்லையே. இப்பிடி எண்டா பரீட்சைக்கு விட ஏலாது."

"வேலை மேடம். ஞாயித்துக்கிழமையும் கூப்பிட்டுட்டாங்க."

"அப்பிடியோ? அப்ப ஒரு பிரச்சினையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை இருந்தது எண்டு உங்கட கம்பெனியில ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாங்கோ. ஒரு வரி காணும். நான் மேனேஜரிட்டச் சொல்லி உங்கட பெயரைப் போடுவிக்கிறன். கன பேருக்கு அப்பிடிச் செய்திருக்கிறம்."

"ஒரு வரி போதுமா மேடம்?"

"ஒரு வரி. கையெழுத்து. கம்பெனி முத்திரை."

பட்டறைக்குத் திரும்பும்போது அவனுக்கு லேசாக இருந்தது. லிட்டில் இந்தியாவில் இறங்கி ஒரு டீ குடித்தான். பக்கத்து மேசைக்காரரிடம் தேவையில்லாமல் மணி கேட்டான். ஒரு வரிதானே.

முத்துசாமி அலுவலக அறையில் தூண்டில் சுருளைப் பிரித்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டதும் துணியில் கையைத் துடைத்தார். பேனாவை எடுக்கத்தான் துடைக்கிறார் என்று இருதயராஜ் நினைத்தான்.

"வேலைன்னா எழுதணும்?"

"ஆமா பாஸ். ஞாயித்துக்கிழமை வேலை இருந்துச்சுன்னு."

"என்ன வேலை செஞ்ச?"

இருதயராஜ் யோசித்தான். "உக்காந்திருந்தேன் பாஸ்."

"அதான். உக்காந்தது வேலையா?" முத்துசாமி கோபப்படவில்லை. பள்ளிப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவதுபோல் சொன்னார். "நான் வேலைன்னு எழுதினா, சண்டே ஆளுங்கள வேலைக்கு வச்சிருக்கேன்னு ஆயிடும். ஓ.டி. சம்பளம் எங்க, ரெஸ்ட் டே எங்கன்னு லேபர் மினிஸ்ட்ரி கேக்கும். நான் என்ன சொல்றது? எங்க ஆளுங்க படகுக்குக் கீழ உக்காந்தாங்கன்னா? சிரிப்பான் லா. நம்ம கம்பெனில சண்டே லீவு. எப்பவும் லீவு. நான் உங்கள பிக்னிக் கூட்டிட்டுப் போறேன், அவ்வளவுதான். எவன் கூட்டிட்டுப் போறான் சொல்லு?"

"சரி பாஸ்." இருதயராஜ் வாசல்வரை போய்த் திரும்பினான். "அப்ப இந்த ஞாயித்துக்கிழமை நான் பிக்னிக் வரல பாஸ். பரீட்சை."

முத்துசாமி நிமிர்ந்தார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. "வராம எப்படி? படகு எப்படி உள்ள போகும்?"

அன்று இரவு அவரே பையில் போட்டு ஒரு பெரிய மீனைக் கொடுத்தனுப்பினார். ஏழு பேரும் குழம்பு வைத்துச் சாப்பிட்டார்கள். நல்ல மீன். அதைக் குறை சொல்ல முடியாது.

பரீட்சை நாளில் காலையிலிருந்தே தூறல். படகுக்கு அடியில் ஈரம் படவில்லை. மழை நாளில் கேன்வாஸைவிட அந்தப் படகே நல்ல கூரை. இருதயராஜ் தன் மூலையில் உட்கார்ந்திருந்தான். சட்டைக்குள் வெல்டிங் கையுறைகள் இருந்தன. பரீட்சைக்குச் சொந்தக் கையுறை கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

மேல் சிராங்கூன் சாலையில் தொழிற்பேட்டைக்குத் திரும்பும் சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்தது. கபீர் நிறுத்தினார். அந்த விளக்கு அன்றைக்கு வழக்கத்தைவிட நீளமாக எரிந்தது என்று லாரியில் இருந்த அத்தனை பேரும் சொல்கிறார்கள். விளக்கு பச்சையான பிறகும் கபீருக்கு அது சிவப்பாகவே தெரிந்ததாகவும் ஒரு பேச்சு உண்டு.

"எறங்குடா" என்றான் ஜெய்.

"படகு?"

"நாங்க மூச்ச இழுத்துப் பிடிச்சு உக்காந்துக்கறோம். எறங்கு."

இருதயராஜ் குதித்தான். லாரி ஒரு விரல் எழும்பியது. கேபினில் முத்துசாமி போனில் வானிலை பார்த்துக்கொண்டிருந்ததால் அதை உணரவில்லை. பின்னால் ஹாரன் சத்தம் கேட்டுக் கபீர் வண்டியை எடுத்தார்.

இருதயராஜ் மழையில் ஓடினான். அந்த உடம்பு ஓடினால் தரை அதிரும். மையத்தின் வாசலில் இருபது பேர் வரிசையாக நின்றார்கள். சரோஜினி அம்மா குடையை மடக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு உள்ளே விட்டார். கடைசியில் இருதயராஜ் மட்டும் நின்றான்.

"கம்பெனியில கடிதம் தந்தவையோ தம்பி?"

"தரல மேடம். இன்னிக்கு மட்டும் விடுங்க. நான் வெல்டு பண்ணிக் காட்டறேன். பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

"நீங்க நல்லாச் செய்வீங்க எண்டு எனக்குத் தெரியும். உங்கட பெயர் இல்லையே." அவர் கதவைப் பாதி மூடிவிட்டு மறுபடி திறந்தார். "நனையாதேங்கோ. உள்ள வந்து இருங்கோ."

அவன் நடையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். பெஞ்சு ஒரு பக்கமாக இறங்கியது. உள்ளே ஒவ்வொரு தடுப்பிலும் நீல ஒளி வெட்டி வெட்டி அணைந்தது. கண்ணாடிக் கதவுக்கு இப்புறம் எரிந்த இரும்பின் வாசனை வந்தது. யாரோ ஒருவன் கையை நிதானமில்லாமல் ஓட்டுவது சத்தத்திலேயே தெரிந்தது. எல்லோரும் முடித்து வெளியே வரும்வரை இருதயராஜ் அங்கேயே இருந்தான்.

பொங்கோலில் ஆறு பேரும் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். போதவில்லை. ரப்பர் பட்டை கட்டையில் மாட்டி, முழு நீளத்துக்கும் கிழிந்து, படகின் அடியில் இருந்த பழைய கீறலையும் சேர்த்துப் பிளந்துகொண்டு வந்தது. ஜெய் சொல்வதைப் பார்த்தால் சத்தம் கடலுக்கு அந்தப் பக்கம் ஜொகூர்வரை கேட்டிருக்கிறது.

திங்கட்கிழமை காலையில் முத்துசாமி பட்டறைக்கு வந்ததும் இருதயராஜைக் கூப்பிட்டார். கிரைண்டர்கள் எல்லாம் தாமாகவே நின்றன.

"நேத்து ஏன் வேலைக்கு வரல?"

இருதயராஜ் அவரைப் பார்த்தான். "நேத்து வேலையா பாஸ்?"

யாரோ ஒருவன் பின்னால் இருமினான். அது சிரிப்பாகவும் இருந்திருக்கலாம். முத்துசாமி அந்தப் பக்கம் பார்த்துவிட்டு இருதயராஜிடம் திரும்பினார்.

"சொல்லாம கொள்ளாம பாதி வழில குதிச்சிட்டுப் போற ஆளை எப்படி நம்புறது? நாளைக்கு சைட்டுலயும் இதையேதான் செய்வ. சர்ட்டிபிகேட் எடுத்தியா?"

"இல்ல பாஸ்."

"அப்ப நான் என்ன பண்ண முடியும்? நான் அப்பவே சொன்னேன்ல, எல்லாரையும் வச்சிக்கிட்டு? சர்ட்டிபிகேட் இருந்தா ரினியூ, இல்லன்னா இல்ல. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அன்று பகல் சாப்பாட்டு நேரத்தில் யாரும் லாரியில் தூங்கவில்லை. கபீர் பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு இருதயராஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மினிஸ்ட்ரில போயி சொல்லு. நான் வேணா வண்டில கொண்டு விடறேன்."

"என்னன்னு சொல்றது பாய்? உக்கார வச்சாங்கன்னா?"

"ஆமா, அப்படியே சொல்லு."

"என்ன வேலைன்னு கேப்பாங்க."

"பாரம்னு சொல்லு."

"நீங்க வந்து சொல்வீங்களா?"

கபீருக்கும் அந்த வருஷம் அனுமதி முடிகிறது. அவர் பீடியை எடுத்தார், பற்றவைக்காமல் மறுபடி பாக்கெட்டில் போட்டார். "என் பேச்ச எவன்டா நம்புவான்?" என்றார்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் முதலாளி இருதயராஜிடம் கடைசியாக ஒரு வேலை கேட்டார். பிளந்த படகைச் சரிசெய்ய ஆள் வந்திருந்தான். அடியில் ரப்பருக்குப் பதில் மெல்லிய அலுமினியப் பட்டை போட்டால் உயரம் அரை விரல் குறையும், ஆனாலும் ஏழாவது ஆள் வேண்டும். அதோடு படகைப் பிடித்துக்கொள்ள இரண்டு புதுக் கொக்கிகளும் வேண்டும். இருதயராஜ் அவற்றை வெல்டு செய்து, தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தான். எங்கே ஒட்டினான் என்று இப்போதும் யாராலும் சொல்ல முடியாது.

கபீர் அவனை விமான நிலையத்தில் இறக்கிவிட்டுத் திரும்பினார். வழியில் இரண்டு மூன்று தடவை கண்ணாடியில் பின்தட்டைப் பார்த்ததாகவும், லாரி கைக்கு அடங்காமல் பஞ்சுபோல் துள்ளியதாகவும் சொன்னார்.

புதிதாக வந்தவன் அறந்தாங்கிப் பக்கம். ஏஜெண்ட் அனுப்பிய படங்களில் ஐந்தாறு பேரைப் பார்த்துவிட்டு முத்துசாமி எல்லோருடைய எடையையும் கேட்டு வாங்கியிருந்தார். இவனுக்கு வெல்டிங் சுமாராகத்தான் வரும். விமானத்திலிருந்து இறங்கிய வாரத்து ஞாயிறு காலையில் அவனை எழுப்பி, பல் தேய்க்கவைத்து, லாரியில் ஏறச் சொன்னார்கள். எங்கே உட்காருவது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஜெய் நகர்ந்து, பெயிண்ட் தேய்ந்து தகரம் பளபளத்த மூலையைக் காட்டினான். புதியவன் அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். யாரோ அவன் மடியில் முதலாளியின் தூண்டில்களை வைத்தார்கள். அவன் அண்ணாந்து படகின் வெள்ளை வயிற்றைப் பார்த்து, "எங்கண்ணே போறோம்? என்ன வேலை?" என்று கேட்டான். லாரி ஸ்பிரிங் முனகி, கீழே இறங்கி, கிளம்பியது.

அந்தப் பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை ஒரு ஞாயிறுகூட அங்கே யாரும் வேலை செய்ததில்லை.